மீன்தொட்டி வடிகட்டிக்கு ஏற்ற கல் எது?

தோட்டக் குடியிருப்புகளுக்குச் செல்லும்போதெல்லாம் பல இல்லங்களின் முன்கூடத்தில் மீன்தொட்டி ஒன்று அழகுற அமைந்திருப்பதைக் காண்கிறோம். விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, பால்வெட்டு முடித்து, களைப்போடு வீடு திரும்பும் உழைப்பாளிக்கு, நீரில் உலவும் மீன்களைப் பார்த்திருப்பது ஓர் ஆறுதல். சிலர் அத்துடன் நில்லாது, கப்பி, டிஸ்கஸ் முதலிய அலங்கார மீன்களைப் பெருகச் செய்து விற்று, குடும்ப வருமானத்துக்குத் துணை தேடிக்கொள்கின்றனர். ஜொகூர், பேரா, பினாங்கு போன்ற மாநிலங்களில் அலங்கார மீன் வளர்ப்பு நல்லதொரு தொழிலாகவே நடைபெற்று வருவதால், இம்முயற்சி பாராட்டுதற்குரியது.

ஆனால், இவர்களிடமிருந்து ஒரே கேள்வி நமக்குத் திரும்பத் திரும்ப வருகிறது. "தொட்டிக்குக் கீழே வடிகட்டித் தொட்டி வைத்துவிட்டோம். அதில் போடுவதற்குக் கடையில் பத்து வகைக் கற்களைக் காட்டுகிறார்கள். விலையோ ஏணி வைத்தாலும் எட்டவில்லை. எதைத்தான் வாங்குவது?" என்பதே அக்கேள்வி.

இதற்கு விடை கூறுமுன், நமது சொந்தத் தவறு ஒன்றை இங்கே ஒப்புக்கொள்வது பொருந்தும்.

நாம் தோட்டப் பள்ளியொன்றில் ஆசிரியராகப் பணியாற்றிய காலத்தில், வகுப்பறையின் அறிவியல் மூலையில் மீன்தொட்டி ஒன்று இருந்தது. மாணவர்கள் தத்தம் வீடுகளிலிருந்து கொணர்ந்த மீன்கள் அதில் நலமே வாழ்ந்தன. ஒரு சனிக்கிழமை, கோத்தோங் ரோயோங் முறையில் பள்ளியைத் துப்புரவு செய்தபோது, அத்தொட்டியையும் நாம் விட்டுவைக்கவில்லை. வடிகட்டியில் இருந்த கற்களின் மீது படிந்திருந்த பழுப்புநிற வழவழப்பைத் தூரிகையால் தேய்த்து, குழாய்நீரில் கழுவி, கற்களை நாள் முழுதும் வெயிலில் உலர்த்தி, மீண்டும் அடுக்கினோம். தொட்டிக்கு ஊற்றிய நீரைக் கூட முதல் நாளே வாளிகளில் பிடித்துவைத்துத்தான் ஊற்றினோம். தொட்டி கண்ணாடிபோல் பளிச்சிட்டது. திங்கட்கிழமையன்று மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாய் திறந்து மூச்சுக்குத் தவித்தன. புதன்கிழமைக்குள் எல்லாம் மாண்டன.

"ஐயா, அழுக்காக இருந்தபோது உயிரோடு இருந்த மீன், சுத்தம் செய்தபின் ஏன் செத்தது?" என்று ஒரு மாணவன் கேட்டான். அன்று நம்மிடம் விடையில்லை. வடிகட்டிக் கல்லைத் தேர்ந்தெடுக்கும் வழியும் அவ்விடைக்குள்ளேதான் அடங்கியிருக்கிறது.

கண்ணுக்குத் தெரியாத தொழிலாளர்

ரப்பர் பால் கட்டிப்போகாமல் இருக்க அதில் அமோனியா சேர்க்கப்படுவதைத் தோட்ட மக்கள் அறிவர். பால் சேகரிக்கும் இடத்தில் மூக்கைத் துளைத்துக் கண்ணைக் கரிக்கும் அதே அமோனியாதான் மீன்தொட்டியிலும் உண்டாகிறது. மீன் தன் செவுள்கள் வழியாக இதனை வெளியேற்றுகிறது. அதன் கழிவும் உண்ணாமல் விட்ட உணவும் அழுகும்போதும் இது தோன்றுகிறது. தொட்டி நீரில் இதன் அளவு மிகக் குறைவாதலால், நம் மூக்குக்கு எட்டாது. ஆயினும், அவ்வளவே மீனின் செவுள்களைப் புண்ணாக்கி உயிரைப் போக்கப் போதுமானது.

இந்நஞ்சை நீக்குவோர் யார்? நுண்ணுயிர்களே. ஒருவகைப் பாக்டீரியா அமோனியாவை நைட்ரைட்டு என்னும் பொருளாக மாற்றுகிறது. நைட்ரைட்டும் மீனுக்கு நஞ்சுதான். மற்றொரு வகை, அதனை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரேட்டு மிகுந்துவிடாத வரையில் மீனுக்குப் பெருந்தீங்கு செய்வதில்லை. செடிகளுக்கோ அது உரம். இவ்விரு படிகளையும் 1890ஆம் ஆண்டையொட்டி ரஷ்ய அறிவியலார் வினோகிராட்ஸ்கி ஆய்ந்து விளக்கினார். இரண்டு படிகளையும் தனியொருவராய்ச் செய்து முடிக்கும் பாக்டீரியாவும் உண்டு என்பது 2015ஆம் ஆண்டிலேயே வெளிப்பட்டது. அது கண்டறியப்பட்ட இடங்களுள் ஒன்று, மீன் வளர்ப்பு நிலையத்தின் வடிகட்டி என்பது நமக்குச் சுவையான செய்தியாகும்.

ரப்பர் ஆலைகளின் அருகே கழிவுநீர்க் குளங்களைப் பலர் பார்த்திருப்பீர்கள். 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்கீழ், 1978இல் ரப்பர் ஆலைகளுக்கெனத் தனி விதிகள் வந்தன. கழிவுநீரைத் தூய்மைப்படுத்தியே ஆற்றில் விட வேண்டும் என்ற நிலை ஏற்பட்டபோது, அக்குளங்களில் அவ்வேலையைச் செய்தவையும் நுண்ணுயிர்களே. ஆலைக்குக் குளம் எப்படியோ, மீன்தொட்டிக்கு வடிகட்டி அப்படி.

இந்த நுண்ணுயிர்கள் நீரில் மிதந்து திரிவதைவிட, ஏதேனும் ஒரு பொருளின் மேற்பரப்பில் ஒட்டி வாழ்வதையே விரும்புகின்றன. நாம் தேய்த்துக் கழுவிய பழுப்புநிற வழவழப்பு அவற்றின் குடியிருப்பேயாகும். அழுக்கு என்று எண்ணித் தொழிலாளர் கூட்டத்தையே அழித்துவிட்டோம். ஆகவே, கடையில் நாம் வாங்குவது நீரைத் தூய்மையாக்கும் கல்லன்று. நீரைத் தூய்மையாக்குவோர் குடியிருக்கும் வீடு. இதனை மனத்தில் இருத்திக்கொண்டால் தேர்வு எளிதாகிவிடும்.

கீழ்த்தொட்டியின் அமைப்பு

மேல்தொட்டியில் நிரம்பி வழியும் நீர் குழாய் வழியாகக் கீழ்த்தொட்டிக்கு இறங்குகிறது. கீழ்த்தொட்டியைக் கண்ணாடித் தடுப்புகளால் மூன்று அறைகளாகப் பிரிப்பது வழக்கம். முதல் அறையில் வெள்ளைப் பஞ்சு அல்லது நுரைப்பஞ்சு வைத்து, கண்ணுக்குத் தெரியும் கசடுகளைத் தடுக்க வேண்டும். இரண்டாம் அறையே நுண்ணுயிர்களின் குடியிருப்பு. மூன்றாம் அறையில் உள்ள பம்பு, நீரை மீண்டும் மேலே அனுப்பும். மேல்தொட்டியின் கொள்ளளவைப் போல் மூன்று முதல் ஐந்து மடங்கு நீர் ஒரு மணி நேரத்தில் சுற்றிவருமாறு பம்பைத் தேர்ந்தெடுப்பது நன்று.

பஞ்சு முதலிலும் கல் பின்னரும் இருக்க வேண்டியதன் காரணம் தெளிவு. வரிசை மாறினால் கசடெல்லாம் கற்களின் இடுக்கில் அடைந்து அங்கேயே அழுகும், குடியிருப்புச் சாக்கடையாகிவிடும்.

நான்கு இலக்கணங்கள்

நல்ல வடிகட்டிப் பொருளுக்கு நான்கு இலக்கணங்கள் உண்டு.

முதலாவது, மேற்பரப்பு. பக்கத்துக்கு 10 சென்டிமீட்டர் உள்ள கனசதுரக் கல்லொன்றின் மேற்பரப்பு 600 சதுர சென்டிமீட்டர். அதையே பக்கத்துக்கு 1 சென்டிமீட்டர் உள்ள துண்டுகளாக்கினால் 1,000 துண்டுகள் கிடைக்கும். அவற்றின் மொத்த மேற்பரப்பு 6,000 சதுர சென்டிமீட்டர். கல் அதே கல்தான். குடியிருக்கும் இடமோ பத்து மடங்காகிறது. சிறு துண்டுகளும், துளைகளும் மடிப்புகளும் உள்ள பொருள்களும் சிறந்தவையாவது இதனால்தான்.

இரண்டாவது, நீரோட்டம். மேற்பரப்பு மிகுதி வேண்டுமென்று மணல்போல் பொடித்துவிட்டால் இடுக்குகள் அடைபட்டு, நீர் உட்புகாமல் மேலோடு ஓடிவிடும். கடைப்பெட்டிகளின் மீது, ஒரு லிட்டர் கல்லில் பல நூறு சதுர மீட்டர் பரப்பு இருப்பதாக அச்சிட்டிருப்பதைக் காணலாம். அவ்வெண் பொய்யென்று கூற வேண்டியதில்லை. ஆனால், பாக்டீரியா ஒன்றின் அளவு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதைவிடச் சிறிய துளைகளுக்குள் அது எவ்வாறு குடிபுகும்? கதவில்லாத அறைகளையும் கணக்கில் சேர்த்து வீட்டின் அளவைக் கூறுவது போன்றதே அவ்விளம்பரம். கண்ணுக்குத் தெரியும் இடைவெளிகளுக்கே முதன்மை கொடுங்கள்.

மூன்றாவது, காற்று. இந்த நுண்ணுயிர்கள் பிராணவாயு இன்றி வேலை செய்யா. நீரோட்டம் படாத கல் எத்துணை விலையுயர்ந்ததாயினும் பயனில்லை.

நான்காவது, நீருடன் கலவாத தன்மை. கரைந்து நீரின் இயல்பை மாற்றும் பொருளும் துருப்பிடிக்கும் பொருளும் எல்லாத் தொட்டிக்கும் பொருந்தா.

கடைச்சரக்கும் கைச்சரக்கும்

இனி, பொருள்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

செராமிக் வளையங்கள்: சுட்ட களிமண்ணால் ஆனவை. நடுவே துளையிருப்பதால் நீர் எளிதில் ஊடுருவும். நீண்ட காலம் உழைக்கும். இடைத்தர விலையுள்ளவையே பெரும்பாலோர்க்குப் போதும்.

எரிமலைக் கல்: இலேசானது, துளைகள் நிறைந்தது, பெரும்பாலும் மலிவானது. தூள் போகும் வரை அலசிவிட்டுப் பயன்படுத்த வேண்டும்.

பிளாஸ்டிக் பந்துகள்: உள்ளே இதழ் இதழாகத் தடுப்புகள் உள்ள இப்பந்துகள் அடைத்துக்கொள்வதில்லை. நீரில் மூழ்கியிருப்பதைவிட, மேலிருந்து நீர் தூறலாக விழும் அமைப்பில் இவை சிறப்பாகப் பயன்படும். அங்கே காற்று மிகுதியாகக் கிடைக்கிறது. பரப்பு குறைவாதலால் இடம் கூடுதலாக வேண்டும்.

சுழலும் பிளாஸ்டிக் துண்டுகள்: நார்வே நாட்டில் கழிவுநீரைத் தூய்மைப்படுத்த உருவானவை. சிறு சக்கரம் போன்ற இத்துண்டுகளைக் காற்றுக் குமிழிகள் ஓயாது புரட்டிக்கொண்டிருக்கும். ஒன்றோடொன்று உரசுவதால் அடைப்பு ஏற்படாது. ஆனால், காற்றுப் பம்பு இடைவிடாது ஓட வேண்டும்.

பவளக்கல், சிப்பி ஓடு: இவை சுண்ணாம்புச் சத்துள்ளவை. மெல்லக் கரைந்து நீரைக் கடினமாக்கி, பி.எச். அளவை உயர்த்தும். கப்பி, லோஹான் போன்றவற்றுக்கு இது நன்மையே. மென்னீரை விரும்பும் டிஸ்கஸ் மீனுக்கோ ஏற்றதன்று. மேலும், 28 பாகை செல்சியஸ் வெப்பத்தில் பி.எச். 7 ஆக இருந்தால், அமோனியாவில் நச்சு வடிவில் இருப்பது நூற்றுக்கு ஒன்றினும் குறைவு, பி.எச். 8 ஆனால் நூற்றுக்கு ஆறு அல்லது ஏழாகிவிடும். ஆகவே, புதுத் தொட்டியில் பவளக்கல்லை அள்ளிக் கொட்டுதல் ஆபத்து. ஒரு கல் இவ்வகையைச் சேர்ந்ததா என்றறிய, அதன்மேல் சமையல் காடி சில துளிகள் விடுங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்புக் கல்.

நுரைப்பஞ்சு: கசடையும் தடுக்கும், நுண்ணுயிர்க்கும் இடந்தரும். விலையும் குறைவு. அடிக்கடி அடைத்துக்கொள்வதே இதன் குறை.

கைச்சரக்கு: பணம் செலவிட இயலாதோர் மனம் தளர வேண்டியதில்லை. பாத்திரம் துலக்கும் நைலான் வலைகள், சவர்க்காரம் சேராதவையாயின், மிகச் சிறந்த குடியிருப்பாகும். மின்கம்பிகளை உள்ளே செலுத்தப் பயன்படும் நெளிவுள்ள பிளாஸ்டிக் குழாயை விரலளவு துண்டுகளாக நறுக்கியும், போத்தல் மூடிகளைத் துளையிட்டும் பயன்படுத்தலாம். நுண்ணுயிர்கள் விலைச்சீட்டைப் பார்த்துக் குடியேறுவதில்லை. ஆனால், உலோகத்தால் ஆன துலக்கும் நாரை ஒருபோதும் இடாதீர்கள். தாமிரம் மீனுக்கு நஞ்சாகும்.

இங்கே தோட்ட மக்களுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. களைக்கொல்லி, பூச்சிமருந்து, அமிலம், அமோனியா ஆகியவை இருந்த பீப்பாய்களையும் கலன்களையும் எத்தனை முறை கழுவியிருந்தாலும் கீழ்த்தொட்டியாகப் பயன்படுத்தல் ஆகாது. மருந்து தெளித்துவிட்டு வந்த கையையும் நன்கு கழுவாமல் தொட்டியில் விடாதீர்கள்.

எவ்வளவு வேண்டும்?

தேவையை மீன்களின் எண்ணிக்கையைக் கொண்டு கணக்கிடுவதைவிட, இடும் உணவைக் கொண்டு கணக்கிடுவதே பொருத்தம். 4 அடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் உள்ள தொட்டி ஏறத்தாழ 250 லிட்டர் கொள்ளும். அதில் நாளொன்றுக்கு 10 கிராம் உணவு இடுவதாகக் கொள்வோம். உணவில் புரதம் நூற்றுக்கு 40 பங்கானால், அதிலிருந்து உண்டாகும் அமோனியா ஏறத்தாழ 0.37 கிராம் நைட்ரஜன் அளவாகும். வடிகட்டி வேலை செய்யாவிட்டால், லிட்டருக்கு ஏறத்தாழ ஒன்றரை மில்லிகிராம் வீதம் அது நாள்தோறும் பெருகும். இரண்டு மூன்று நாள்களில் எமது பள்ளி மீன்களுக்கு நேர்ந்தது இதுவே.

இந்த 0.37 கிராமை மாற்றுவதற்கு நுண்ணுயிர்களுக்கு ஏறத்தாழ 1.7 கிராம் பிராணவாயு தேவை. 28 பாகை வெப்பமுள்ள 250 லிட்டர் நீரில் ஒரு நேரத்தில் கரைந்திருக்கக்கூடிய பிராணவாயு மொத்தமே ஏறத்தாழ 2 கிராம்தான்! மீன்களுக்கும் அதிலிருந்தே பங்கு வேண்டும். எனவே, இத்தகைய தொட்டிக்கு 10 லிட்டர் அளவு நல்ல வளையமோ எரிமலைக் கல்லோ தொடக்கத்துக்குப் போதும். அதற்குமேல் கல் வாங்கும் பணத்தைக் காற்றுப் பம்புக்குச் செலவிடுவதே அறிவுடைமை.

குடியேற்றமும் பராமரிப்பும்

கல்லை இட்டவுடன் வடிகட்டி வேலை செய்யத் தொடங்கிவிடாது. இந்த நுண்ணுயிர்கள் மெல்லவே பெருகும். புதுத் தொட்டி நிலைபெற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகலாம். அதுவரை மீன்கள் சிலவற்றையே விட்டு, உணவையும் குறைத்து இடுங்கள். நோயில்லாத பழைய தொட்டி வைத்திருக்கும் அண்டை வீட்டாரிடம் அவர்தம் வடிகட்டியிலிருந்து கைப்பிடிக் கல்லோ பஞ்சுத் துண்டோ கேட்டுப் பெற்று, உலராமல் கொணர்ந்து இட்டால், குடியேற்றம் விரைவில் நிறைவேறும். காசு கொடுத்து வாங்கும் கல்லைவிட அண்டை வீட்டார் கொடுக்கும் அந்தக் கைப்பிடிக் கல்லே மதிப்புடையது.

பஞ்சை வாரந்தோறும் அலசலாம். கற்களை அப்படிச் செய்யலாகாது. நீரோட்டம் குறைந்தால் மட்டும், தொட்டியிலிருந்து எடுத்த நீரை வாளியில் ஊற்றி, கற்களை அதில் இலேசாக அசைத்து எடுங்கள். ஒரே தடவையில் எல்லாவற்றையும் அலசாமல், பாதியை இம்மாதமும் மீதியை அடுத்த மாதமும் அலசுவது நன்று. குழாய்நீரில் உள்ள குளோரின், கிருமிகளைக் கொல்வதற்கென்றே சேர்க்கப்படுவது. நம் கிருமி, வேண்டாத கிருமி என்று அது வேறுபாடு காட்டாது. வெயிலில் உலர்த்துவதும் அதுபோன்றே தீங்கானது.

வாரம் ஒருமுறை நான்கில் ஒரு பங்கு நீரை மாற்றுங்கள். வடிகட்டி நைட்ரேட்டை நீக்குவதில்லை. அது சேர்ந்துகொண்டே போகும். உப்பு இடாத தொட்டியாயின், எடுத்த நீரைக் கீரைப் பாத்திக்கும் வெண்டைச் செடிக்கும் வாழைக்கும் ஊற்றினால் அவை செழித்து வளரும். புதுநீரை ஒரு நாள் திறந்த கலத்தில் வைத்திருந்தோ, கடையில் கிடைக்கும் குளோரின் நீக்கியைச் சேர்த்தோ ஊற்ற வேண்டும்.

மின்சாரம் தடைப்படும்போது மேல்தொட்டியிலிருந்து இறங்கும் நீரை ஏற்க, கீழ்த்தொட்டியில் எப்போதும் சிறிது இடம் காலியாக இருக்கட்டும். தடை நீண்டால் பேட்டரியால் இயங்கும் காற்றுப் பம்பு மீனையும் நுண்ணுயிரையும் காக்கும். கீழ்த்தொட்டியைக் கொசுவலையால் மூடி வையுங்கள். பம்பு நின்றுபோன கீழ்த்தொட்டி ஏடிஸ் கொசுவுக்கும் குடியிருப்பாகிவிடும். மின்கம்பி வழியே நீர் வழிந்து மின்னிணைப்புக்குச் செல்லாதவாறு, கம்பியைச் சற்றுத் தாழ்வாக வளைத்துவிடுவதும் இன்றியமையாதது.

முடிவாக, எந்தக் கல் நல்லது என்ற கேள்விக்கு நாம் கூறும் விடை இதுவே: உங்கள் மீனின் இயல்புக்கு ஏற்றதும், நீரும் காற்றும் தடையின்றிச் செல்ல இடந்தருவதும், உங்கள் வருமானத்துக்கு அடங்கியதுமான எந்தக் கல்லும் நல்ல கல்லே. அதில் குடியேறியவர்களைக் கொல்லாமல் காப்பதுதான் நம் கடமை.

அன்று அம்மாணவன் கேட்ட கேள்விக்கு இன்று நம்மால் விடை கூற முடியும். நாம் கழுவியது அழுக்கையன்று, தம்பி. இரவும் பகலும் மீனுக்காக உழைத்துக்கொண்டிருந்தவர்களை. அவர்கள் கண்ணுக்குத் தெரியாதவர்கள் என்பதால் அவர்தம் உழைப்பை நாம் மறந்துவிட்டோம். அத்தவற்றை நீங்களும் செய்யாதிருப்பீர்களாக.